மஃபினில் என்ன போட்டாய், அக்கா

கூஹ்மோ
1 ஆகஸ்ட் 1996

மெர்யா,

நாலு தடவை போன் பண்ணிட்டேன். நாலு தடவையும் உன் வீட்டுக்காரர் எடுத்து "தூங்கறா"ங்கறார். காலைல பத்து மணிக்குத் தூங்கறே, மத்தியானம் ரெண்டுக்குத் தூங்கறே, சாயங்காலம் ஆறுக்கும் தூங்கறே. இல்போவுக்குப் பொய் சொல்ல வராது, பாவம். அந்த மனுஷனை ஏன் இழுத்து விடறே? அதான் எழுதறேன். போனை வெக்கற மாதிரி காகிதத்தைப் பட்டுன்னு வெக்க முடியாது பாரு.

நான் என்னடி பண்ணினேன் உனக்கு?

ஞாயித்துக்கிழமை வந்தே. ரெண்டு வாரம் இருக்கப்போறேன்னு ரெண்டு பெட்டியோட வந்தே. திங்கக்கிழமை எழுந்து பாத்தா கட்டில்ல போர்வை மடிச்சு வெச்சிருக்கு, ஆளைக் காணோம். வலை எடுக்கப் போன உன் அத்தான் திரும்பி வந்து, "மெர்யா கார் பாலத்தைத் தாண்டிப் போயிடுச்சு"ங்கறார். ஓயிவா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். அன்னிக்குப் பாதியை அதுக்கே செலவு பண்ணிட்டார்.

ராத்திரி நீ வாந்தி எடுத்தது எனக்குத் தெரியும். கதவைத் தட்டினேன், "போ"ன்னே. சரி, களைப்பு, ஒன்பது மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்த உடம்புன்னு விட்டுட்டேன். ஆனா சொல்லாம கொள்ளாம போறதுன்னா, மஃபினாலதான்னு முடிவு கட்டிட்டே, அதானே?

உனக்கு சீலியாக்னு டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகுது. கோதுமை, ரை, பார்லி மூணும் ஆகாது, ஒரு துளிகூட ஆகாதுன்னு நீ போன்ல நூறு தடவை சொல்லியிருக்கே. எனக்குக் காது கேக்கும். இங்க அந்த மூணும் கலக்காத மாவு கிடைக்கலைன்னு கயானி வரைக்கும் நூறு கிலோமீட்டர் போய் வாங்கிட்டு வந்தேன். ரை ரொட்டி பிசையற தொட்டியை, அம்மா காலத்துலேருந்து அடுப்படியை விட்டு நகராத தொட்டியை, விறகுக் கொட்டகைல கொண்டு வெச்சேன். கரண்டியைக் கொதிக்க வெச்சேன். கிண்ணம் புதுசு. மேஜையை மூணு தடவை துடைச்சேன். விடிகாலைல கொசுக்கடியில போய் இந்த வருஷத்து முதல் ப்ளூபெர்ரியைப் பறிச்சு, ஒத்தை இலை இல்லாம பொறுக்கினேன். பன்னிரண்டு மஃபின். நீ மூணு தின்னே. "அக்கா, நிஜ மஃபின் மாதிரியே இருக்கு"ன்னே. அதைக் கேட்டு நான் எவ்வளவு பூரிச்சேன்னு உனக்குத் தெரியாது.

சாப்பிடறப்போ நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஒத்துக்கறேன். "ரை ரொட்டி தின்னே வளந்த உடம்பு, இப்ப எங்கேருந்துடி வந்துது மகாராணி வயிறு"ன்னேன். அது விளையாட்டுப் பேச்சு. அதுக்கா இவ்வளவு?

ஒழுங்கா பதில் எழுது.

ரைலி

&nbsp;

துர்க்கு
6 ஆகஸ்ட்

ரைலி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இல்போவைப் பொய் சொல்லச் சொன்னது நான்தான். போனில் பேசினால் நாம் இருவரும் கத்துவோம். இப்போது நான் கத்தக் கூடாது, அழக் கூடாது, படிக்கட்டில் வேகமாக ஏறக் கூடாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பதினோரு வாரக் கர்ப்பம்.

இல்போவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று காரில் ஒன்பது மணி நேரம் ஒத்திகை பார்த்தேன்.

எனக்கு முப்பத்தொன்பது வயது. இதற்கு முன் மூன்று தங்கவில்லை. கடைசியாகப் போனது பதினாலாவது வாரத்தில். இந்த வியாதி இருப்பது தெரியாமலே நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அப்படி ஆகியிருக்கலாம் என்கிறார் டாக்டர். நிச்சயம் இல்லை, இருக்கலாம். ஒன்றரை வருடமாக நான் ஒரு துண்டு ரொட்டிக்கு ஆசைப்பட்டதில்லை. ஆனால் ரத்தத்தில் பார்க்கிற அந்த எண் பத்துக்குக் கீழே வர வேண்டும். வரவில்லை. நாற்பத்தாறில் நிற்கிறது. எங்கிருந்தோ உள்ளே போகிறது என்கிறார் டாக்டர். எங்கிருந்து என்று தேடித் தேடித்தான் எனக்குத் தூக்கம் போனது.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் சாய்மாவின் கடையில் பால் வாங்க நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அக்கா என்ன சொன்னா தெரியுமா? தெரியாம ஒரு கரண்டி கோதுமை மாவு போட்டுக் குடுத்துப் பாக்கறேன், அவ வியாதி நிஜமா பொய்யான்னு தெரிஞ்சு போயிடும்ங்கறா." நானும் சிரித்தேன். ராத்திரி குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் இந்த நகரத்துத் தண்ணீரைச் சோதிக்கிற வேலை பார்க்கிறவள். ஒரு குடத்துக்கு ஒரு துளி என்றாலும் அது துளிதான். போட்டீர்களா? போட்டிருந்தால் போட்டேன் என்று எழுதுங்கள். இல்லை என்றால் அந்த மஃபினில் என்னென்ன போட்டீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

மெர்யா

&nbsp;

கூஹ்மோ
11 ஆகஸ்ட்

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு விறகுக் கொட்டகைக்குள்ள போய் அழுதேன். சந்தோஷத்துலயா, கோவத்துலயா, எனக்கே புரியல. பதினோரு வாரம். இப்ப பன்னிரண்டு ஆகப்போகுது. நல்லா சாப்பிடறியா? கால் வீங்குதா? எதையும் தூக்காதே. இல்போவைத் தூக்கச் சொல்லு, அவருக்குத் தோள் எதுக்கு இருக்கு.

மூணுன்னு எழுதியிருக்கே. எனக்கு ரெண்டுதான்டி தெரியும். ஒண்ணை என்கிட்ட சொல்லாமலே தாங்கிட்டு இருந்திருக்கே. கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?

"நீங்கள், உங்கள்"னு வேற எழுதியிருக்கே. நான் என்ன உன் ஆபீஸ் மேலதிகாரியா? உன் சளியை என் பாவாடைல துடைச்சவதானே நீ. திட்டணும்னா "நீ"ன்னு திட்டு.

சாய்மாகிட்ட அப்படிச் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன். கடையில நாலு பேர் இருந்தாங்க, பதினெட்டு வருஷமா சந்தையில ரை ரொட்டி விக்கறவ நான், என் தங்கச்சிக்கே ரொட்டி ஆகாதாமேன்னு ஒருத்தர் கிண்டல் பண்ணார், எனக்கு ரோஷம் வந்துது, வாயில வந்ததைச் சொன்னேன். சொன்னேனே தவிர செய்யல. வெறும் வாயை மெல்றவளுக்கு நான் அவல் குடுத்துட்டேன். ஆனா நீ என்னை நம்பாம அவளை நம்பினே பாரு, அதைத்தான் என்னால முழுங்க முடியல.

இந்தா, கேட்டியே, எழுதிக்கோ.

கயானி மாவு மூணு கப். கூட உருளைக்கிழங்கு மாவு அரை கப், அது இல்லைன்னா இந்த மாவு நிக்கவே நிக்காது, தண்ணி மாதிரி ஓடும். சர்க்கரை ஒண்ணரை கப். ஏலக்காய் நானே தட்டினது, ரெண்டு சின்ன கரண்டி. சோடா உப்பு. முட்டை நாலு. வெண்ணெய் உருக்கி ஆற வெச்சது இருநூறு கிராம். புளிச்ச பால் ரெண்டு கப். ப்ளூபெர்ரி ரெண்டு கப், அதை உருளைக்கிழங்கு மாவுல புரட்டிப் போட்டாத்தான் அடியில போய் உக்காராது. கழுவக் கூடாது, கழுவினா மாவெல்லாம் நீலமாயிடும். வழக்கம்போல அச்சைத் தயார் பண்ணி, முக்கால்வாசி ஊத்தி, நல்ல சூட்டுல இருபது நிமிஷம்.

அவ்வளவுதான். இதுல எங்கேடி விஷம் இருக்கு?

நாளைக்குக் காலைல மறுபடியும் சுட்டு, பஸ்ல பார்சல் போடறேன். கரண்டிகூடப் புதுசு வாங்கிட்டேன். நீயே தின்னு பாரு.

அக்கா

&nbsp;

துர்க்கு
20 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. இரண்டு நாள் சமையலறை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏலக்காய் வாசனை அட்டைப்பெட்டியைத் தாண்டி வந்தது. மூன்றாம் நாள் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். என்னால் முடியவில்லை.

நேற்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்தெட்டு. ஏறியிருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மனசு விட்டுச் சொல்லுங்க, எப்பவாவது ஆசைக்கு ஒரு கடி ரொட்டி சாப்பிடறீங்களா? யாரும் திட்டமாட்டாங்க" என்று கேட்டார். குழந்தையிடம் கேட்கிற மாதிரி. நான் திருட்டுத்தனமாக ரொட்டி தின்கிறேன் என்று நினைக்கிறார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

வீட்டில் நான் செய்கிறதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இல்போ தன் ரொட்டியை பால்கனியில் நின்றுதான் சாப்பிட வேண்டும். மார்ச் மாதத்திலிருந்து அப்படித்தான். அவர் கத்தி தனி, தட்டு தனி, வெண்ணெய் தனி. சாப்பிட்டுவிட்டு சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போன வாரம் மழையில் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் உள்ளே விடவில்லை.

உங்கள் செய்முறையை ஏழு தடவை படித்தேன். அதில் தப்பு எதுவும் இல்லை. என் வீட்டிலும் தப்பு எதுவும் இல்லை. அப்படியென்றால் ஒன்று, நீ பொய் சொல்கிறாய். இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் பதிமூன்றாவது வாரம் போகிறது. அடுத்தது பதினாலு.

மெர்யா

&nbsp;

கூஹ்மோ
28 ஆகஸ்ட்

மெர்யா,

பெட்டி வந்து சேந்துது. பஸ் டிரைவர் "அம்மா, இது ஏற்கெனவே ஒரு தடவை போச்சே"ன்னு எல்லார் முன்னாலயும் குடுத்தார். பிரிச்சேன். பூஞ்சை. பன்னிரண்டும் பச்சைக் கம்பளி போத்திட்டு உக்காந்திருந்துது.

சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாலயே இது விஷம்னு திருப்பி அனுப்பறவளுக்கு இனிமே நான் என்ன சொல்ல? நீ என்னைப் பொய்க்காரிங்கறே. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம். எனக்குப் பயம் இல்ல. நான் எழுதினது அத்தனையும் நிஜம். இனிமே எழுத மாட்டேன். நீயா வந்தா வா.

பின்குறிப்பு: வாந்தி நின்னுச்சா இல்லையான்னு மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

&nbsp;

துர்க்கு
4 செப்டம்பர்
(தபால் அட்டை)

கேட்டதால் எழுதுகிறேன். வாந்தி நின்றுவிட்டது. பதினைந்து வாரம் முடிந்துவிட்டது. எண் குறையவில்லை.

மெ.

&nbsp;

கூஹ்மோ
17 செப்டம்பர்

மெர்யா,

இது மூணாவது காகிதம். முதல் ரெண்டையும் அடுப்புல போட்டேன்.

எழுத மாட்டேன்னேனே தவிர, கை சும்மா இருக்கல. தினமும் சுட்டேன். உனக்காக இல்ல, எங்க தப்புன்னு எனக்குத் தெரியணும். ஒரு நாள் பக்வீட் மாவு, ஒரு நாள் அரிசி மாவு. ஒண்ணு செங்கல், ஒண்ணு கஞ்சி. ப்ளூபெர்ரி தீந்துது, காட்டுல லிங்கன்பெர்ரி சிவந்துது, அதைப் போட்டேன். கோழிங்க இதைத் தின்னே கொழுத்துடுச்சு. ராத்திரி தூக்கம் வரல, காலைல எழுந்ததும் அடுப்பு. சந்தைக்கு ரெண்டு சனிக்கிழமை போகல. ரொட்டிக்காரிக்கு என்ன ஆச்சுன்னு ஊரே கேக்குது.

ஞாயித்துக்கிழமை ஓயிவாவுக்குக் கால் சுளுக்கு, வலை எடுக்கப் போகல. அடுப்படியில காபியோட உக்காந்து நான் செய்யறதைப் பாத்துட்டிருந்தார். முப்பது வருஷத்துல நான் சுடறதை அவர் முழுசா உக்காந்து பாத்ததே இல்ல. மாவு கலந்தேன். பெர்ரியைப் புரட்டினேன். அச்சுக்கு வெண்ணெய் தடவினேன். அப்போ கேட்டார், "அதென்ன தூள்?"

"எந்தத் தூள்?"ன்னேன்.

"இப்போ தூவறியே, அது."

குனிஞ்சு பாத்தேன். என் கை டப்பாக்குள்ள இருக்கு. ரஸ்க் தூள் டப்பா, மெர்யா. வெண்ணெய் தடவின அச்சுல ஒட்டாம வர்றதுக்குத் தூவி, தட்டி, சுத்திப் பரப்பறோமே, அது. அம்மா சொல்லிக் குடுத்தது. இந்த ஊர்ல அதைத் தூவாம அச்சுல மாவு ஊத்தற பொம்பளை எவ இருக்கா? அது சாமானே இல்லடி, சாமான்னு யார் நினைப்பா? செய்முறைல யாரும் அதை எழுதறது இல்ல, "வழக்கம்போல"ன்னுதான் எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஓயிவா மெதுவா கேட்டார், "ரஸ்க்கு எதுல பண்றாங்க?"

டப்பாவை மூடி வெச்சேன்.

கோதுமைதான். சுத்தமான கோதுமை. கயானி மாவு, கொதிக்க வெச்ச கரண்டி, புதுக் கிண்ணம் எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்சுட்டு, கடைசியில ஒவ்வொரு மஃபினுக்கும் கோதுமையில சட்டை போட்டு உனக்குக் குடுத்திருக்கேன். ஒண்ணு இல்ல, மூணு. நீ திருப்பி அனுப்பின பன்னிரண்டுலயும் அதுதான். நீ அதைப் பிரிக்காம அனுப்பினதுக்கு உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன்.

இன்னொண்ணும் சொல்லணும். ஞாயித்துக்கிழமையே இது தெரிஞ்சுடுச்சு. இன்னிக்கு செவ்வாய். ரெண்டு நாள் எழுதாம இருந்தேன். எழுதலைன்னா உனக்குத் தெரியவா போகுது? என் வார்த்தை நிக்கும், உன் சந்தேகம் சந்தேகமாவே இருக்கும், கொஞ்ச நாள்ல ஆறிப்போகும். அப்படித்தான் யோசிச்சேன். எனக்கு அவ்வளவு வெக்கமா இருந்துது. "என் தங்கச்சிக்கு எல்லாம் மனசுலதான் வியாதி"ன்னு ஊர் பூரா சொல்லி வெச்சவ நான். இன்னிக்குக் காலைல ஓயிவா காகிதத்தையும் பேனாவையும் மேஜைல கொண்டு வெச்சுட்டுப் படகுக்குப் போயிட்டார், நொண்டிக்கிட்டே.

அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என் கையாலன்னு ஆகும். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல. திட்டு, என்ன வேணும்னாலும் எழுது. ஆனா எழுது.

ரைலி

&nbsp;

துர்க்கு
22 செப்டம்பர்

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்துது. வாசல்ல கோட்டைக் கழட்டாமலே படிச்சேன். முதல் பக்கம் படிக்கறப்போ கோவம் வந்துது, பாத்தியா, நான் சொன்னேனேன்னு. ரெண்டாவது பக்கத்துல "தூவி, தட்டி, சுத்திப் பரப்பறோமே"ன்னு எழுதியிருக்கே பாரு, அந்த இடத்துல என் கை ஆடிச்சு. நிஜமாவே ஆடிச்சு, காத்துல, அச்சைச் சுத்தற மாதிரி.

அப்படியே சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். சர்க்கரைக்குப் பின்னால இருக்கு. நீலப் பாக்கெட். பாதி தீந்திருக்கு.

அக்கா, நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குன்னு தனியா ரொட்டி சுடறேன். கடையில வாங்கினா நம்பிக்கை இல்லைன்னு நானே சுடறேன். நீட்டு அச்சுல. ஒன்றரை வருஷமா. மாவை தராசுல நிறுத்துத்தான் போடுவேன், கரண்டியை ரெண்டு தடவை கழுவுவேன், அப்புறம் அச்சுக்கு வெண்ணெய் தடவி, வழக்கம்போல. அந்த ரொட்டியோட அடிப்பக்கம் மொறுமொறுன்னு இருக்கும். அதுதான் எனக்கு உசுரு. இல்போ கேட்டாகூடக் குடுக்க மாட்டேன், அவர் கத்தி படும்னு.

ஒரு துளி தண்ணில என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்கு சம்பளம் வாங்கறவ நான். தன் முதுகு தனக்குத் தெரியாதுங்கறது சரிதான். நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும் நீ குடுத்தது இல்ல. மூணு மஃபினுக்கு அவ்வளவு காலம் நிக்காது. அது வாராவாரம் நான் எனக்கே குடுத்தது. அன்னிக்கு வாந்திகூட உன் மஃபினாலயா, மசக்கையாலயான்னு இப்போ யாரால சொல்ல முடியும்?

பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில போட்டேன், மறுபடி எடுத்து, கீழ கொண்டுபோய்த் தெருக்குப்பைல போட்டேன். ரெண்டு அச்சையும் கூடவே போட்டேன். நீ இந்தக் கடிதத்தை எழுதாம விட்டிருந்தா? நீ எழுதின ரெண்டு நாள் வெக்கம் இருக்கே, அது என்கிட்ட இருந்திருந்தா நான் எழுதியிருப்பேனான்னு எனக்குத் தெரியல.

இல்போவுக்கு நேத்துதான் சொன்னேன். அவர் பால்கனியில நின்னு ரொட்டி தின்னுட்டிருந்தார். கம்பளித் தொப்பி போட்டுட்டு. சொல்லி முடிச்சதும் கையில இருந்த ரொட்டியைத் தட்டுல வெச்சுட்டு சட்டையை உதறினார். அப்புறம், "உள்ள வரலாமா?"ன்னார். நான் அழுததைப் பாத்துட்டு, "பரவாயில்ல, எனக்கு இங்க பழகிடுச்சு, கடற்பறவைங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும்"ங்கறார்.

டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் எடுக்கணும். அதுக்கு முன்னால எடுத்தா ஒண்ணும் தெரியாதாம். ஆறு வாரம், அக்கா. பதினெட்டாவது வாரத்துல இருக்கேன். இவ்வளவு நாளா நான் என்ன ஊட்டி வெச்சிருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆறு வாரம் எப்படி உக்காந்திருக்கறது?

நீ வரேன்னு சொல்லுவே. வேண்டாம். எண் தெரியற வரைக்கும் என்னால யார் முகத்தையும் பாக்க முடியாது. உன் முகத்தை முக்கியமா.

மெர்யா

&nbsp;

கூஹ்மோ
26 செப்டம்பர்

அடிப் பைத்தியமே,

நீல பாக்கெட்னு படிச்சதும் நான் சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. சிரிச்சு முடிச்சதும் ஓயிவா தண்ணி கொண்டு வந்தார், அப்போதான் நான் அழறேன்னு எனக்கே தெரிஞ்சுது. ஒரே அடுப்படியில வளந்த கை ரெண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க, நாம ரெண்டு பேரும் போற வழியில ஒரு குழந்தையையும் கூட இழுத்துட்டுப் போகப் பாத்தோம்.

வரவான்னு நான் கேக்கல. கேக்காம இருக்க எவ்வளவு கஷ்டப்படறேன்னு மட்டும் தெரிஞ்சுக்கோ. பஸ் நேரம் எழுதின தாளை என் கண்ணுல படாம ஓயிவா ஒளிச்சு வெச்சுட்டார்.

ஊட்டினதைப் பத்தி யோசிக்காதே. தெரியாம ஊட்டினது. தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திட்டே. நான் அப்படியா? ரெண்டு நாள் யோசிச்சவடி நான். அதனால வெக்கப்பட வேண்டிய முறை என்னோடது, உன்னோடது இல்ல.

நேத்து சாய்மா கடைக்குப் போனேன். ஆள் நிறைய இருக்கற நேரமாப் பாத்துத்தான் போனேன். "என் தங்கச்சி வியாதி நிஜம், நான் சொன்னதுதான் பொய். அவளுக்கு விஷம் வெச்சது என் கைதான், ரஸ்க் தூளால"ன்னு சொன்னேன். அப்புறம் பின்னாலேருந்து ஒரு அம்மா, "ஐயையோ, என் மருமகளுக்கும் அதே வியாதிதானே"ன்னுட்டு, வாங்கின சாமானை அப்படியே வெச்சுட்டு வீட்டுக்கு ஓடினாங்க.

இப்போ அச்சுக்கு வெண்ணெய் தடவி உருளைக்கிழங்கு மாவு தூவறேன். நல்லாவே வருது. ஒவ்வொரு தடவையும் கை முதல்ல பழைய டப்பா இருந்த இடத்துக்குத்தான் போகுது. அங்க இப்போ ஒண்ணும் இல்ல, அலமாரிதான் இருக்கு.

சதுப்புல கிரான்பெர்ரி ஆரம்பிக்கப்போகுது. பறிச்சு வெக்கறேன். யாருக்குன்னு எழுதல.

வாரத்துக்கு ஒரு அட்டை போடு. "இருக்கு"ன்னு ஒரே வார்த்தை போதும்.

அக்கா

&nbsp;

துர்க்கு
5 நவம்பர்

அக்கா,

பத்தொன்பது.

நாற்பத்தெட்டுலேருந்து பத்தொன்பது. டாக்டர் தாளைத் திருப்பி எனக்குக் காட்டினாங்க. நான் நம்பாம எண்ணுக்கு மேல விரலை வெச்சுப் பாத்தேன். இன்னும் இறங்கணும், இறங்குமாம். இருபத்தி நாலு வாரம் ஆச்சு. நேத்து ஸ்கேன் எடுத்தாங்க, எடை கொஞ்சம் கம்மி, மத்ததெல்லாம் சரியா இருக்கு. பொண்ணு. நான் இதை எழுதறப்போ மேஜையோட ஓரத்தை உதைக்கறா.

ஆறு அட்டை போட்டேன், ஆறும் வந்துதா? நாலாவது அட்டையை எழுதின அன்னிக்கு அவ காலைலேருந்து அசையவே இல்ல. "இருக்கு"ன்னு எழுதிட்டு, தபால் பெட்டியில போடாம, கையிலேயே வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் ஆத்தங்கரைல நடந்தேன். அசைஞ்சதும் போட்டேன். அது உனக்கு ஒரு நாள் லேட்டா வந்திருக்கும்.

இதைத்தான் எழுத உக்காந்தேன். டாக்டர் "என்ன மாத்தினீங்க?"ன்னு கேட்டாங்க. ரஸ்க் தூள்னு போன்லயே சொல்லியிருந்தேன், மறுபடி சொன்னேன். அவங்க பழைய காகிதத்தைப் புரட்டி, "ஆமா, உங்க அக்கா போட்டது"ன்னாங்க. எட்டிப் பாத்தேன். ஆகஸ்ட் மாசத்துல எழுதி வெச்சிருக்காங்க, "காரணம்: சகோதரி வீட்டு உணவு"ன்னு. நான்தான் அப்படிச் சொல்லி எழுத வெச்சேன். "இல்ல டாக்டர், நான் போட்டது. ஒன்றரை வருஷமா நானேதான்"னேன். "சரி சரி, பரவாயில்ல"ன்னாங்க. "பரவாயில்ல இல்ல, அதை அடிச்சுட்டு எழுதுங்க"ன்னேன். அவங்க அடிச்சு எழுதி முடிக்கற வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல.

ஆய்வகத்துல நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன், அக்கா விஷம் வெச்சுட்டா, இனி அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு. மத்தியான காபி நேரத்துல ஒவ்வொருத்தர் மேஜைக்கும் போய் நின்னு சொல்லிட்டு வந்தேன். மேல்மாடி வீட்டு அம்மாகிட்ட, தையல்காரிகிட்ட, இல்போவோட தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். கோடை முழுக்க இத்தனை பேர்கிட்ட உன்னைப் பத்திப் பேசியிருக்கேன்னு எண்ணிப் பாக்கறப்போதான் தெரியுது. நீ ஒரு கடையில சொன்னே, நான் ஒரு நகரம் பூரா சொல்லியிருக்கேன்.

என் மாமியார் ஒருத்தர்தான் பாக்கி. அவங்ககிட்ட சொன்னதுதான் எல்லாத்தையும் விட மோசம், உனக்கு எழுத என்னால முடியல. வர்ற ஞாயித்துக்கிழமை தந்தையர் தினம், காபிக்கு வராங்க. அவங்ககிட்ட நீ என் பக்கத்துல உக்காந்திருக்கறப்போதான் சொல்லுவேன். அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு, சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு இல்போ வருவார். பெர்ரியைக் கொண்டு வா, மஃபினுக்கு மீதியெல்லாம் இங்க இருக்கு.

நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நீ குறுக்க பேசக் கூடாது.

மெர்யா